வாசல் புல்லும் ஆட்டின் வாலும்

அந்தக் காலத்தில் எல்லாமே பேசும். ஆடு பேசும், அரிவாள் பேசும், பூசணிக்காய்கூடப் பேசும். கேட்க நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் சண்டைதான்.

அப்போது புல் என்றால் கணுக்கால் உயரம். அதற்கு மேல் எந்தப் புல்லும் வளர்ந்ததில்லை. இலை வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருக்கும். ஓரத்தில் கூர் கிடையாது, உச்சியில் பூ கிடையாது. யாரும் புல்லை நட்டதும் இல்லை. நட்டதெல்லாம் போக மீதி இடத்தில் தானாக வந்ததற்குப் பெயர்தான் புல். வந்தால் பிடுங்குவார்கள். அவ்வளவுதான் அதன் வாழ்க்கை.

ஆட்டுக்கு அப்போது நீளமான வால் இருந்தது. தரையைத் தொடும். நுனியில் வெள்ளை வெளேரென்று பஞ்சு மாதிரிக் குஞ்சம். ஆடுகள் அந்த வாலை வைத்துக்கொண்டு செய்த அலட்டல் கொஞ்சநஞ்சம் இல்லை. தண்ணீர் குடிக்கப் போனால் முதலில் வாலை நனைத்துக் கழுவும். அப்புறம்தான் குடிக்கும். மற்றவர்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும்.

மேற்கே கணவாயிலிருந்து காற்று இறங்குகிற ஊர் ஒன்று. ஆடி மாதம் அடிக்கிற காற்றில் பந்தலில் ஏறிய கொடியெல்லாம் பக்கத்துத் தோட்டத்தில் போய்க் கிடக்கும். அங்கே மயிலாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் நாச்சிமுத்து. அவனுக்கு ஆடு, அவளுக்குத் தோட்டம். அவரை, கத்தரி, பூசணி, ஓரத்தில் ஒரு முருங்கை. எல்லாம் தின்கிற சாமான். அந்த ஊரில் தின்ன ஆகாததை யாரும் வளர்க்க மாட்டார்கள். பூ வைத்தால்கூட சாமிக்கோ தலைக்கோ ஆக வேண்டும்.

ஒரு வருஷம் பொங்கலுக்கு முந்தின நாள், காப்புக் கட்டு. வீட்டைக் கூட்டி மெழுகி, வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் கட்டிக் கூரையில் செருகுகிற நாள். அதற்குள் வேண்டாததையெல்லாம் வெளியே போட்டுவிட வேண்டும். மயிலாத்தாள் தோட்டத்தில் களையெடுத்துக்கொண்டே வந்தாள். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடி முடிகிற இடத்தில் ஒரு தூர் புல் இருந்தது. அதைக் கையில் பிடித்தாள்.

"ஆத்தா, இரு," என்றது புல்.

"என்ன?"

"பிடுங்காதே."

"ஏன், உன்னையக் கொழம்பு வெக்கலாமா?"

"முடியாது."

"பூப் பூப்பியா?"

"மாட்டேன்."

"மருந்துக்காச்சும் ஆவியா? வயித்து நோவு, காய்ச்சலு, ஏதாச்சும்?"

"தெரியலை. ஆகாதுன்னுதான் நினைக்கிறேன்."

"அப்பறம் எதுக்கு உன்னைய உடணும்?"

"எனக்குச் சாகறதுக்கு இஷ்டமில்லை."

மயிலாத்தாள் கையை எடுத்தாள். களைகள் அதுவரை அவளிடம் எவ்வளவோ பொய் சொல்லியிருக்கின்றன. நான் கீரை, நான் மூலிகை, என் அத்தை துளசி என்றெல்லாம். இது ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"சரி. அடுத்த காப்புக் கட்டு வரைக்கும் இருந்துக்க. அதுக்குள்ள ஏதாச்சும் ஒண்ணுக்கு ஆகோணும். ஆகலீன்னா வேரோட பேத்து ஆட்டுக்குப் போட்டுருவேன். அன்னிக்கு வந்து ஐயோ ஆத்தான்னு அழுகக் கூடாது."

"அழுக மாட்டேன்," என்றது புல்.

சொல்லிவிட்டதே தவிர, எதற்கு ஆவது என்று அதற்கு ஒரு யோசனையும் இல்லை. பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டது.

பூசணிக்காய் சொன்னது: "என்னையப் பாரு. நாளெல்லாம் படுத்தேதான் கெடக்கேன். ஒருத்தராச்சும் ஏன்னு கேக்கறாங்களா? உள்ள சரக்கு வேணும் தம்பி. உன்ற உள்ள என்ன இருக்குது?"

புல் தன் உள்ளே பார்த்தது. தண்ணீர்தான் இருந்தது.

அவரைக்கொடி, "நீ இன்னும் இங்கதான் இருக்கியா?" என்று மட்டும் கேட்டது.

முருங்கை கொஞ்சம் மரியாதையாகப் பேசியது. "உசரம் வேணும். உசரமா இருந்தா அண்ணாந்து பாப்பாங்க. அண்ணாந்து பாக்கறதை ஆரும் பிடுங்க மாட்டாங்க."

"காத்துல உன் கிளை ஒடியுதே."

"அது வேற விஷயம்," என்றது முருங்கை.

வேறு யோசனை எதுவும் கிடைக்காததால் புல் உயரமாவது என்று முடிவு செய்தது. உயரமாகி என்ன செய்யும் என்று கேட்டால் அதற்கே தெரியாது. பிடுங்கப்படாமல் இருந்தால் போதும்.

ஆனால் கிடாய் விடவில்லை. நாச்சிமுத்துவின் ஆடுகளில் அதுதான் பெரியது. அதன் வால்தான் எல்லாவற்றிலும் நீளம். சாயங்காலம் மேய்ச்சல் முடிந்து வந்ததும் பட்டிக்குள் போகாமல் நேராகத் தோட்டத்துக்குப் பின்பக்கமாக வரும். வேலிச் சந்தில் தலையை விடும். அன்றைக்குப் புல் எவ்வளவு வளர்ந்திருக்கிறதோ அவ்வளவையும் கடித்துத் தின்றுவிட்டுப் போகும்.

"நான் வளரணும்," என்றது புல்.

"வளரு. ஆரு வேண்டாம்னாங்க? நீ வளந்தாத்தான எனக்கு வாய்க்கு எட்டும்."

"வளரலைன்னா ஆத்தா பிடுங்கிரும்."

"பிடுங்குனா எனக்குத்தான போடும். எப்படிப் பாத்தாலும் நீ என்ற வயித்துக்குத்தான். எதுக்குக் கவலைப்படறே?" என்று வாலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசிக்கொண்டு கிடாய் போய்விடும்.

மாசி போனது, பங்குனி போனது. புல் கணுக்கால் உயரத்திலேயே நின்றது.

ஒரு நாள் மத்தியானம் மயிலாத்தாள் அவரைப் பந்தலுக்கு அடியில் காய்ந்த கொடியை அறுத்துக்கொண்டிருந்தாள். பசி எடுத்தது. கையிலிருந்த பன்னரிவாளை, அதாவது பல் வைத்த அரிவாளை, புல் தூரின் மேலேயே போட்டுவிட்டுக் கூழ் குடிக்கப் போய்விட்டாள்.

அரிவாள் வெயிலில் பெருமூச்சு விட்டது. "காஞ்ச கொடி. இதை அறுக்க நான் எதுக்கு? பல்லு கூசுது."

"உனக்கு என்ன அறுக்கப் பிடிக்கும்?" என்று புல் கேட்டது.

"உசரமா, அடர்த்தியா, ஒரே பிடியில கை நெறையற மாதிரி. சோளத்தட்டு பரவால்ல. ஆனா அது வருஷத்துல கொஞ்ச நாளுதான். மிச்ச நாளெல்லாம் கூரையில சொருகி வெச்சு துருப் பிடிக்கறேன். நீ என்ன, புல்லா? உன்னைய அறுக்கறதுக்கும் சும்மா இருக்கறதுக்கும் வித்தியாசமே இல்ல."

புல் கொஞ்ச நேரம் யோசித்தது. நிறைய நேரம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"உன் பல்லுல கொஞ்சம் எனக்குத் தருவியா?"

"எதுக்கு?"

"ஆடு கடிக்காம இருக்கறதுக்கு. அது கடிக்கலைன்னா நான் உசரமாவேன். உசரமானா நீ அறுக்கலாம்."

அரிவாள் நிமிர்ந்தது. "எவ்வளவு அறுக்கலாம்?"

"எல்லாத்தையும்."

"எப்பவெல்லாம்?"

"வருஷத்துக்கு ஒரு தடவை. மாசி மாசம். தரையோட."

"அறுக்கும்போது ஐயோ அம்மான்னு கத்தக் கூடாது. எனக்குக் கத்தற சாமானை அறுக்கப் பிடிக்காது. அன்னிக்குப் பூரா ஒரு சொல் பேசக் கூடாது."

"பேச மாட்டேன்."

"வாக்கு மாறினா?"

"மாற மாட்டேன்," என்றது புல். அதுவரை அது யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. யாரும் கேட்டதில்லை. அதனால் அது ரொம்பச் சுலபம் என்று நினைத்துக்கொண்டது.

அரிவாள் ஒவ்வொரு இலையாக உரசியது. இந்த ஓரம், அந்த ஓரம், இரண்டும். கண்ணுக்குத் தெரியாத பல் வரிசை ஒன்று ஒவ்வோர் இலைக்கும் வந்தது. வலித்தது. புல் வாயைத் திறக்கவில்லை. மயிலாத்தாள் கூழ் குடித்துவிட்டு வந்து அரிவாளை எடுத்தபோது அதன் பல் கொஞ்சம் மழுங்கியிருந்தது. கொல்லனைத் திட்டிக்கொண்டே மீதிக் கொடியை அறுத்தாள்.

சாயங்காலம் கிடாய் வந்தது. வழக்கம்போல வேலிச் சந்தில் தலையை விட்டு ஒரு வாய் இழுத்தது. நாக்கில் கோடு கோடாக ரத்தம்.

"ஏய்! என்ன பண்ணுனே?"

"ஒண்ணும் பண்ணலை. நின்னேன்."

கிடாய்க்குக் கோபம் தலைக்கு ஏறியது. வேலியை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. புல்லுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று பின்னங்காலால் உதைத்தது. உதைக்கும்போது வால் சும்மா இருக்குமா? வீசியது. வீசின வேகத்தில் வால் தூரைச் சுற்றிக்கொண்டது. இலைகளின் பல் குஞ்சத்துக்குள் இறங்கிப் பிடித்துக்கொண்டது.

"விடு!"

"நான் பிடிக்கலை. நீதான் சுத்தியிருக்கே. இழுக்காம மெதுவாத் திரும்பி வா."

கிடாய் மெதுவாக வருகிற ஜாதி இல்லை. ஒரே இழு. அறுந்துவிட்டது.

அது பட்டிக்கு ஓடியபோது பின்னால் ஒரு விரல் நீளத்துக்கு மொட்டையாக ஏதோ மேல்நோக்கி நின்றது. புல்லின் நடுத்தண்டில் வெள்ளை வால் தொங்கிக்கொண்டிருந்தது. பூசணிக்காய் சிரித்த சிரிப்பில் ஒரு பக்கம் விரிசல் விட்டது.

மறுநாள் கிடாய் மறுபடி வந்தது. இந்தத் தடவை வேலிக்கு வெளியிலேயே நின்றது. அதன் பின்பக்கம் பூராவும் ஈ.

"என்ற வாலைக் குடு."

"முடியாது."

"அது என்னுது."

"தெரியும்."

"ஈ மொய்க்குது. ஓட்டறதுக்கு ஒண்ணுமில்ல. பாரு."

"பாத்துட்டுதான் இருக்கேன்."

"பின்ன குடு. நாரு வெச்சுக் கட்டி ஒட்ட வெச்சுக்கறேன். இனிமே உன்ற பக்கமே வர மாட்டேன். சத்தியம்."

புல் தண்டைக் கொஞ்சம் சாய்த்திருந்தால் போதும். வால் தானாக விழுந்திருக்கும். ஆனால் அன்று காலையில் மயிலாத்தாள் தண்ணீர் ஊற்ற வந்தவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து, ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போயிருந்தாள். யாரும் அதற்கு முன் புல்லைப் பார்த்து நின்றதில்லை.

"தர மாட்டேன். இது இல்லைன்னா என்னைய ஆத்தா பிடுங்கிரும்," என்றது புல்.

புல் செய்தது சரியா என்றால், இல்லை. வால் ஆட்டுடையது. ஆனால் செத்துவிடுவோமோ என்ற பயத்தில் இருக்கிறவர்களிடம் போய் நியாயம் கேட்டால் இப்படித்தான் பதில் வரும்.

கிடாய் நாச்சிமுத்துவிடம் போய் அழுதது. அவன் பொறுமையாகக் கேட்டான். "அதுங்கிட்டப் போயி எதுக்குப் பின்பக்கத்தைக் காட்டிட்டு நின்னே?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டான்.

இனிக் கடிக்க யாரும் இல்லை. புல் வளர்ந்தது. முழங்கால், இடுப்பு, தோள். ஆடிக் காற்றில் அவரைப் பந்தல் சாய்ந்தது, முருங்கையில் இரண்டு கிளை ஒடிந்தது. புல் காற்று போன பக்கமெல்லாம் சாய்ந்தது, காற்று நின்றதும் எழுந்துகொண்டது. மழை முடிந்தபோது அது ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. வாலில் இருந்த மயிரைத் தண்டுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொண்டது. பங்கு போடப் போட அது வேரிலும் இறங்கி, புதிதாக வந்த தண்டெல்லாம் உச்சியில் ஒரு வெள்ளைக் குஞ்சத்தோடுதான் வந்தது.

காப்புக் கட்டு வந்தது. மயிலாத்தாள் களைக்கொத்து ஒன்றை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள். வெயில் சாய்கிற நேரம். காற்று லேசாக இருந்தது. குஞ்சங்கள் வெயிலை வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் ஒரு அலை, அந்தப் பக்கம் ஒரு அலை என்று போய் வந்தன.

"எதுக்கு ஆனே?" என்று கேட்டாள்.

"எதுக்கும் ஆகலை ஆத்தா. ஓரத்துல பல்லு இருக்குது. திங்கவும் முடியாது. அந்தக் குஞ்சமும் என்னுது இல்லை, ஆட்டுது."

அவள் களைக்கொத்தைக் கீழே வைத்தாள். நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளே அடுப்பில் சோறு தீய்கிற வாசனை வந்தது. அப்போதும் போகவில்லை.

நாச்சிமுத்து வந்தான். "ஏம்புள்ள, சோறு கருகிப் போச்சு. இங்க என்ன பண்றே?"

"இதைப் பாருங்க."

பார்த்தான். "பாத்துட்டேன். எதுக்கு ஆகுமாம்?"

"எதுக்கும் ஆகாதாம்."

"அப்பறம் பிடுங்கு."

"வேண்டாங்க. இருக்கட்டும்."

"எதுக்கு?"

"சும்மா. பாக்கறதுக்கு."

"பாக்கறதுக்கா?" நாச்சிமுத்து அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். காய்ச்சல் இல்லை.

அந்த ஊரில் ஒன்றைச் சும்மா பார்ப்பதற்காக வைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. பக்கத்துத் தோட்டத்துப் பழனாத்தாள் வந்து, "ஏனக்கா, இதுக்குப் போயா தண்ணி ஊத்தறே? கிறுக்குப் பிடிச்சுப் போச்சா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் இருட்டுகிற வரை நின்றாள். போகும்போது, "ஒரு தூர் பேத்துக் குடேன்," என்றாள். மயிலாத்தாள் புல்லை அங்கிருந்து மண்ணோடு பெயர்த்து வாசல் பக்கத்தில் வைத்தாள். பழனாத்தாளுக்கு ஒரு துண்டு. மீதி முழுவதும் தனக்கு.

புல்லுக்கு இனிப் பயமில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டது.

மாசி மாதம் கூரையிலிருந்து அரிவாள் கூப்பிட்டது. "என்ன, உசரமாயிட்டாப்பல இருக்குது?"

புல் கேட்காத மாதிரி நின்றது.

"உன்னையத்தான். நாள் வந்துருச்சு. ஆத்தாகிட்டச் சொல்லி என்னைய எடுக்கச் சொல்லு."

புல் தன்னைப் பார்த்துக்கொண்டது. அவ்வளவு உயரம். அவ்வளவு வெள்ளை. தரையோடு என்றால் மறுபடி கணுக்கால் உயரம். வளருமோ வளராதோ. வளராவிட்டால் அடுத்த காப்புக் கட்டுக்கு மறுபடி அதே கேள்வி, அதே கை.

அது மயிலாத்தாளைக் கூப்பிட்டது. "ஆத்தா, அந்த அரிவாளு என்னையத் தரையோட அறுக்கப் போகுதாம்."

"உன்னையவா? எதுக்கு?" என்றாள் அவள்.

வாக்குக் கொடுத்ததைப் புல் சொல்லவில்லை. அறுக்கப் போகிறது என்பதை மட்டும் சொன்னது. பொய் சொல்லத் தெரியாமல் இருந்த புல் அன்றைக்குப் பாதி உண்மை சொல்லக் கற்றுக்கொண்டது.

மயிலாத்தாள் அரிவாளைக் கூரையிலிருந்து உருவினாள். அது கத்தியது. வாக்கு, மாசி, பல்லு என்று என்னென்னவோ சொன்னது. அவள் கேட்கவில்லை. சோளக் குதிருக்குள் ஆழமாகக் கையை விட்டுப் புதைத்து, மேலே சோளத்தை மூடினாள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது நாச்சிமுத்து தலையைத் தூக்கினான். "குதிருக்குள்ள என்னமோ மொனகுது."

"எலிங்க."

"எலி 'வாக்கு வாக்கு'ன்னா மொனகும்?"

"எந்த எலி எப்படி மொனகும்னு நமக்கு என்னங்க தெரியும்? சாப்பிடுங்க."

அரிவாளைக் காணோம் என்று அவன் தேடினான். கிடைக்கவில்லை. சோளம் அறுக்கப் பழனாத்தாள் வீட்டு அரிவாளை இரவல் வாங்கினான். மயிலாத்தாள் கூடவே தேடுகிற மாதிரி நடித்தாள். வீட்டில் யாருக்கும் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

புல்லை அவள் தொடவே விடவில்லை. பழுத்த இலையைக்கூட யாரும் உருவக் கூடாது. குடம் குடமாகத் தண்ணீர். கோடை வந்தது. குஞ்சம் சாம்பல் நிறமானது. பழைய இலைகள் காய்ந்து தூரிலேயே தங்கின. புதுத் தளிர் வெளியே வரப் பார்த்தது. மேலே மூடியிருந்த சருகைத் தாண்ட முடியவில்லை. மழை வந்தபோது சருகு நனைந்து அழுகியது. தூரின் நடுவில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது. அங்கே உயிர் இல்லை. எலி ஒன்று வந்து குட்டி போட்டது. அந்த வருஷம் ஒரு தண்டில்கூடப் புதுக் குஞ்சம் வரவில்லை. உயரம் மட்டும் அப்படியே இருந்தது, காய்ந்து, சரசரவென்று.

பழனாத்தாள் வீட்டுத் துண்டை அவள் மாடு மிதித்து, அவள் எரிச்சலில் தரையோடு வெட்டிப் போட்டிருந்தாள். அது பச்சைப் பசேலென்று எழுந்து வெள்ளைக் குஞ்சத்தோடு நின்றது. மயிலாத்தாள் அதை வேலிக்கு மேலாகப் பார்த்தாள். மண்ணு நல்ல மண்ணாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இன்னும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள்.

தையில், காப்புக் கட்டெல்லாம் முடிந்தபின், கிடாய் வாசலுக்கு வந்தது. ஈக்களோடுதான் வந்தது.

"நீ செத்துட்டு இருக்கேன்னு கேள்விப்பட்டேன். வாலை எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"எடுத்துக்க," என்றது புல். குரல் எங்கோ உள்ளேயிருந்து வந்தது.

கிடாய் பல்லால் ஒரு பழைய குஞ்சத்தைப் பிடித்து இழுத்தது. அது பொடிப் பொடியாகக் காற்றில் பறந்து போனது. இன்னொன்று. அதுவும் அப்படியே. கிடாயின் மூக்கில் கொஞ்சம் ஒட்டியது. தும்மியது. வால் இனி வால் இல்லை.

"கெடுத்தியே," என்றது கிடாய். திட்டப் போகிறது என்று புல் நினைத்தது. ஆனால் கிடாய் தூரைச் சுற்றி வந்து முகர்ந்து பார்த்தது.

"இவ்வளவு நாத்தம் எப்படி வந்துச்சு? நான் தெனம் கடிச்சுத் தின்னப்ப நீ நல்லாத்தான இருந்தே. நான் எவ்வளவு தின்னாலும் மறுநாள் வந்துருவியே. என்னைய விட்டா உன்னைய ஆரு அறுத்தாங்க?"

கிடாய் குளம்பால் சருகைக் கிளறியது.

"ஆரும் அறுக்கல இல்ல? அதான் இது. மேல இருக்கற பொணத்தைத் தூக்கிட்டுக் கீழ இருக்கற புள்ள எப்படி எந்திரிக்கும்?"

கிடாய் நல்லது செய்யவென்று இதைச் சொல்லவில்லை. அது தின்கிற விஷயம். தின்கிற விஷயத்தில் அதற்குத் தப்பு வராது.

புல் மயிலாத்தாளைக் கூப்பிட்டது. வாசலில் வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னது. பல் வாங்கியது, மாசி மாதம், தரையோடு, ஒரு சொல்லும் பேசாமல். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அறுத்தா நீ பொழைப்பியா?"

"தெரியலை ஆத்தா. அறுக்கலைன்னா செத்துருவேன். அது மட்டும் தெரியும்."

"என்ற கையாலயா அறுக்கச் சொல்றே?"

"வேற ஆரு கையில அரிவாள் இருக்குது?"

கிடாய் நடுவில் புகுந்தது. "எனக்கு என்ன? வாலும் போச்சு. பொழைச்சா முதல்ல வர்ற தளிரு எனக்கு வேணும். பல்லு மொளைக்கறதுக்கு முன்னால."

"எடுத்துக்க," என்றது புல். "கொஞ்சம் மிச்சம் வை."

மாசி பிறந்தது. மயிலாத்தாள் குதிருக்குள் கையை விட்டு அரிவாளை எடுத்தாள். உடம்பெல்லாம் சோளத் தூசி. அது திட்டத் தொடங்கியது. "வெளிய வா. உனக்கு வேலை இருக்குது," என்றாள் அவள். அரிவாள் வாயை மூடிக்கொண்டது.

நாச்சிமுத்து அரிவாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "எலி குடுத்துருச்சாக்கும்?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டான்.

அவள் ஒரு கைப்பிடியைச் சேர்த்துப் பிடித்தாள். "அறுக்கட்டுமா?"

பதில் இல்லை.

"வலிச்சா சொல்லு. நிறுத்திக்கறேன்."

பதில் இல்லை. அந்த நாள் முழுக்கப் பேசக் கூடாது என்பதுதான் பேச்சு என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டாள். முதல் பிடியை அறுத்தாள். சருகும் தூசியும் எலி ரோமமும் வந்தன. எலி குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஓடியது. இரண்டாவது பிடி. எல்லாம் காய்ந்ததுதான். உயிரோடு இருக்கிறதா, ஏற்கெனவே செத்ததைத்தான் அறுக்கிறோமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அரிவாள் ஒன்றும் சொல்லாமல் அறுத்துக்கொண்டே போனது. அது இரண்டு வருஷமாகக் காத்திருந்த அறுப்பு, ஆனால் பெரிதாகச் சந்தோஷப்பட்ட மாதிரி இல்லை.

கடைசிப் பிடி, தூரின் வெளி ஓரம். பிடித்து அரிவாளை இழுத்தாள். சுளீரென்றது.

கையைப் பிரித்துப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. கோடு நெடுகப் பொட்டுப் பொட்டாக ரத்தம். காய்ந்த சருகு இப்படிக் கீறாது. பச்சை இலைதான் கீறும். பிடியைக் கிளறினாள். நடுவில் ஒரே ஓர் இலை பச்சையாக இருந்தது.

மயிலாத்தாள் சிரித்துவிட்டாள். "இருக்கியா நீ," என்றாள்.

புல் அதற்கும் பதில் சொல்லவில்லை. வாக்கு என்றால் வாக்கு.

அன்றைக்குப் பேசாமல் இருந்ததில் அதற்கு ஏதோ பிடித்துப்போயிருக்க வேண்டும். மறுநாளும் பேசவில்லை. அதற்கப்புறம் எப்போதுமே பேசவில்லை. காற்று வந்தால் உரசும், அவ்வளவுதான். முதல் மழைக்கு முன்பே தூரின் ஓரத்திலிருந்து ஊசி ஊசியாகத் தளிர் வந்தது. கிடாய் வந்து மொட்டை வாலை நிமிர்த்திக்கொண்டு நிறையத் தின்றது. கொஞ்சம் மிச்சம் வைத்தது. மயிலாத்தாள் விரட்டவில்லை. அதற்கு அப்புறம் பிறந்த குட்டிகளுக்கெல்லாம் வால் மொட்டைதான்.

ஆட்டின் வால் அவ்வளவு குட்டையாகப் போனதும், வாசலில் சும்மா பார்ப்பதற்காக வெள்ளைக் குஞ்சம் வைத்த உயரப் புல்லை ஜனங்கள் வளர்க்கத் தொடங்கியதும், அதை வருஷத்துக்கு ஒரு தடவை கொஞ்சமும் இரக்கம் பார்க்காமல் தரையோடு அறுப்பதும் எல்லாம் இதனால்தான். அறுக்கிறவர் கையில் அது ஒரு கோடாவது போடாமல் விடாது. ஏன் என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. பேச மாட்டேன் என்றுதான் அது வாக்குக் கொடுத்தது. கீற மாட்டேன் என்று சொல்லவே இல்லை.